அம்பத்தூரிலிருந்து டைடல் பார்க்: போனில் எந்த ஆப்பை வைத்துக்கொள்வது?

கோவில்பட்டியிலிருந்து சித்தி மகள் வேலைக்கு வந்து சேர்ந்தாள். வேலை டைடல் பார்க்கில், தங்குவது அம்பத்தூரில் எங்கள் வீட்டில். இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் மொத்தச் சென்னையும் குறுக்கே படுத்திருக்கிறது என்பது பெட்டியை இறக்கி வைத்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அன்று ராத்திரியே கேட்டாள்: “அண்ணா, எந்த ஆப் போட்டுக்கிட்டா சரியா இருக்கும்? என் போன்ல இடமே இல்ல, ரெண்டு மூணுக்கு மேல தாங்காது.”

நல்ல கேள்வி. போனில் இடம் தாராளமாக இருப்பவர்களுக்கு இப்படி யோசிக்கத் தோன்றாது. பத்து ஆப்பைப் போட்டுவிட்டு, அவசரத்துக்கு எதைத் திறப்பது என்று தெரியாமல் கடைசியில் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்துவார்கள். அடுத்த வாரம் முழுக்க அவளோடு மூன்று விதமாகப் போய்ப் பார்த்தேன். அதில் தெரிந்ததை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் வழிகள். ஒன்று, அம்பத்தூரில் லோக்கல் ட்ரெயின் ஏறி சென்ட்ரலில் இறங்கி, நடந்து பூங்கா நகர் நிலையத்துக்குப் போய், பறக்கும் ரயில் பிடித்து திருவான்மியூரில் இறங்குவது. டைடல் பார்க் அந்த நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. இரண்டு, அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ் ஏறி திருமங்கலம், அங்கிருந்து மெட்ரோவில் ஆலந்தூர், வண்டி மாறி கிண்டி, பிறகு மறுபடி பஸ். மூன்று, வீட்டு வாசலிலிருந்து நேராக டாக்சி. மூன்றாவதைத் தினமும் செய்தால் சம்பளத்தைப் பெட்ரோல் பங்கில் கொடுத்துவிட்டு வருவது போலத்தான். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்தால் அதுதான் கதி. அதனால் அதையும் கணக்கில் வைத்துக்கொண்டோம்.

இந்த ஆப்களிடம் நாம் கேட்பது மூன்று தனித்தனி வேலை. எப்படிப் போவது என்று வழி சொல்வது ஒன்று. வண்டி இப்போது எங்கே வருகிறது என்று காட்டுவது இன்னொன்று. டிக்கெட் போட்டுக் கொடுப்பது மூன்றாவது. விளம்பரத்தில் எல்லா ஆப்பும் மூன்றையும் செய்வதாகத்தான் இருக்கும். பயன்படுத்திப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலைதான் கைவந்த வேலை, மற்ற இரண்டும் ஒப்புக்கு.

வழி சொல்வதில் கூகுள் மேப்ஸைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது. ஆண்ட்ராய்டு போனில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதால் புதிதாக இடமும் கேட்காது. பஸ், மெட்ரோ, ரயில், நடை எல்லாவற்றையும் ஒரே கோட்டில் கோத்துக் காட்டும். இந்த வசதி 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் தொடங்கியது. அந்த ஊர்ப் போக்குவரத்து நிறுவனம் தன் கால அட்டவணையை ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் கூகுளுக்குக் கொடுத்தது. பிற்பாடு உலகம் முழுக்க அந்த வடிவமே பொது வழக்கமாகிவிட்டது. உள்ளே பெரிய மாயமெல்லாம் இல்லை. நிறுத்தங்களின் பட்டியல், தடங்களின் பட்டியல், எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு என்கிற பட்டியல், இப்படிச் சில சாதாரண எழுத்துக் கோப்புகள்தான். கோப்பில் இருப்பதைத்தான் ஆப் சொல்லும். தெருவில் இருப்பது வேறாக இருந்தால் அதற்குத் தெரிய வழியில்லை.

சென்னையில் இப்போது தெரு வேறாகத்தான் இருக்கிறது. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்று வழித்தடங்களுக்காக மயிலாப்பூர், அடையாறு, ஓ.எம்.ஆர். என்று தோண்டாத சாலை குறைவு. ஒருவழியாக்கினார்கள், நிறுத்தத்தை நூறு அடி தள்ளி வைத்தார்கள், சில இடத்தில் மூடியே விட்டார்கள். மேப்பில் பஸ் நிறுத்தம் என்று போட்டிருக்கும் இடத்தில் நீலத் தகரத் தடுப்பு நிற்கும். பக்கத்து டீக்கடைக்காரர்தான் “அந்தப் பக்கம் போய் நில்லுங்க” என்பார்.

மேப்ஸில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தால் பாதி ஏமாற்றம் குறையும். வண்டி வரும் நேரம் பச்சையிலோ சிவப்பிலோ இருந்து, பக்கத்தில் அலை போல ஒரு குறி இருந்தால் அது நேரலைத் தகவல். வெறும் கறுப்பு எழுத்து என்றால் அட்டவணையில் அச்சடித்த நேரம், அவ்வளவுதான். முதல் நாள் இவள் கறுப்பு எழுத்தில் 8.12 என்று இருந்ததை வேத வாக்காக எடுத்துக்கொண்டாள். பஸ் எப்போது வந்தது என்று நான் சொல்லப் போவதில்லை.

மூவிட் என்று ஒன்று இருக்கிறது. 2020-ல் இன்டெல் வாங்கிய இஸ்ரேல் நாட்டு ஆப். சென்னையும் அதில் உண்டு. இறங்க வேண்டிய நிறுத்தம் நெருங்கும்போது கூப்பிட்டுச் சொல்லும் வசதி ஊருக்குப் புதியவர்களுக்குப் பயன்படும். ஆனால் மேப்ஸ் இருக்கும்போது வழி சொல்ல இரண்டாவது ஆள் எதற்கு என்று அதை விட்டோம். லண்டனில் இருக்கும் என் நண்பன் சிட்டிமேப்பர் இல்லாமல் வீட்டை விட்டு இறங்க மாட்டான். எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும்போது வாசலுக்குப் பக்கமாக இருக்கும் என்பதுவரை அது சொல்லும். சென்னை அதன் பட்டியலில் இல்லை. அந்த ஒரு வசதிக்காகவே எனக்குப் பொறாமை. காரணம் கொஞ்ச நேரத்தில் தெரியும்.

அடுத்தது சென்னை ஒன். சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாக கும்டா, 2025 செப்டம்பர் 22 அன்று கொண்டுவந்த ஆப். மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில், ஆட்டோ, டாக்சி எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் வழி பார்த்து ஒரே க்யூஆரில் டிக்கெட் என்பதுதான் இதன் நோக்கம். தமிழிலும் இயங்கும். மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகளில் எது எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதை வரைபடத்தில் காட்டுவதுதான் இதில் எனக்குப் பிடித்தது. பஸ்ஸைப் பொறுத்தவரை, வரைபடத்தில் நகரும் ஒரு புள்ளி அட்டவணையின் பத்துப் பக்கத்துக்குச் சமம்.

பஸ்ஸில் சில்லறைச் சண்டை இல்லாமல் போவதே பெரிய நிம்மதி. நடத்துநர் ஐந்து ரூபாய் பாக்கியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்து, இறங்கும்போது நாம் மறந்துபோன காலமெல்லாம் உண்டு. ஆனால் நெரிசலில் ஏறிய பிறகு ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டிக்கெட் போடுவது சர்க்கஸ். நிறுத்தத்தில் நிற்கும்போதே எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

இவள் விஷயத்தில் அந்தப் பேச்சே தேவைப்படவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வெள்ளை போர்டு, அல்லது முன்னும் பின்னும் பிங்க் அடித்த வண்டி. வழி சொல்லும் ஆப்புக்கு முன்னால் நிற்பது ஆணா பெண்ணா என்று தெரியாது. இரண்டு வழியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டணம் போட்டுக் காட்டும்போது அந்தக் கணக்கு இவளுக்குப் பொருந்தாது. ஐந்து நிமிடம் முன்னால் வரும் டீலக்ஸுக்கும், பின்னால் வரும் வெள்ளை போர்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவள் கண்ணால்தான் பார்த்து முடிவெடுக்க வேண்டும். மாதக் கடைசியில் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு விலை உண்டு.

பஸ் எண்ணிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஊரிலிருந்து வருபவர்களுக்கு எண் ஒன்றாக இருந்தால் போகும் இடமும் ஒன்று. இங்கே எண்ணுக்குப் பக்கத்தில் ‘கட்’ என்று இருந்தால் அந்த வண்டி பாதி வழியோடு சரி. நிறுத்தத்தில் நிற்கும் அக்காக்கள் “இது கட் சர்வீஸ்மா, ஏறாத” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆப்பில் கடைசி நிறுத்தம் எது என்று ஒரு தடவை தட்டிப் பார்ப்பது அந்த அக்கா செய்கிற வேலைதான்.

நேரலைப் புள்ளியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இரண்டாம் நாள் ஓ.டி. நிறுத்தத்தில் ஓர் ஆப் ‘நான்கு நிமிடத்தில் வருகிறது’ என்றது. பத்து நிமிடம் கழித்தும் நான்கு நிமிடம். பிறகு புள்ளியே காணாமல் போனது. என்ன ஆச்சு என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிர்த்திசையில் அந்த பஸ் ‘பணிமனை’ என்று போர்டு மாட்டிக்கொண்டு போனது. எந்த ஆப் என்பது முக்கியமில்லை. எல்லாமே வண்டியில் இருக்கும் கருவி அனுப்புவதை வைத்துத்தான் பேசுகின்றன. அதனால் நானாக ஒரு விதி வைத்திருக்கிறேன்: புள்ளி ஒரே இடத்தில் மூன்று நிமிடம் அசையாமல் நின்றால் அந்த பஸ்ஸை மறந்துவிட வேண்டும்.

ரயிலுக்கு வருவோம். அம்பத்தூர்க்காரனுக்கு ரயில்தான் உயிர். இதில் ‘வேர் இஸ் மை ட்ரெயின்’ ஆப்புக்கு நிகர் இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. 2018-ல் இதை உருவாக்கிய நிறுவனத்தை கூகுள் வாங்கிவிட்டது என்றாலும் ஆப் தனியாகத்தான் இருக்கிறது. கால அட்டவணை முழுக்க போனுக்குள்ளேயே இருக்கும். இணையம் இல்லாவிட்டாலும், ஜிபிஎஸ் போடாவிட்டாலும், செல்போன் கோபுரத்தை வைத்தே நாம் உட்கார்ந்திருக்கும் ரயில் எங்கே போகிறது என்று சொல்லிவிடும். டேட்டா தீர்ந்துபோன நாளில் இதன் அருமை தெரியும். ஆனால் இது ரயிலோடு நிற்கும். இறங்கி எந்தப் பக்கம் நடப்பது என்று கேட்டால் பதில் வராது.

ரயில் டிக்கெட்டுக்கு இத்தனை நாளும் யூடிஎஸ் என்ற ஆப் இருந்தது. 2025 ஜூலையில் ரயில்வே அறிமுகம் செய்த ரயில்ஒன் ஆப்பில் முன்பதிவில்லா டிக்கெட், சீசன் டிக்கெட் எல்லாம் கிடைக்கிறது. இதில் புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரு தடவை மாட்டுவார்கள். காகிதமில்லா டிக்கெட்டை நிலையத்துக்கு வெளியே இருந்துதான் எடுக்க முடியும். நடைமேடைக்கு ஓடி வந்து, ரயில் தெரிகிற நேரத்தில் போனை எடுத்தால் ஆப் மறுத்துவிடும். நிலையத்துக்குள் வந்துவிட்டால் அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்துதான் எடுக்க வேண்டும். பரிசோதகரைப் பார்த்த பிறகு டிக்கெட் எடுப்பவர்களுக்காக வைத்த விதி. நியாயம்தான். ஆனால் அதை முன்னாடியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இப்போது பொறாமைக்கான காரணம். முதல் நாள் மேப்ஸ் காட்டிய வேகமான வழி சென்ட்ரலில் இறங்கி பூங்கா நகர் போவது. திரையில் அது ஒரு புள்ளிக்கோடு, அரை அங்குலம் நீளம். காலில் அது என்ன தெரியுமா? லோக்கல் ட்ரெயின் சென்ட்ரல் பக்கத்தில் புறநகர் முனையத்தில் நிற்கும். தண்டவாளம் அதோடு முடிகிறது, வாசல் இருப்பது ரயிலின் முன்பக்கம். கடைசிப் பெட்டியில் ஏறியிருந்தோம். மொத்த நடைமேடையையும் காலை நேரக் கூட்டத்தோடு ஊர்ந்து கடந்து, வெளியே வந்து, சுரங்கப்பாதையில் இறங்கி பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து, மறுபக்கம் ஏறினால் பூங்கா நிலையம். அது கடற்கரை–தாம்பரம் பாதை. நமக்கு வேண்டியது பூங்கா நகர், அது இன்னும் கொஞ்சம் தள்ளி. இரண்டு பெயரும் ஒன்று போல இருப்பதால் இவள் முதல் போர்டைப் பார்த்ததுமே “வந்துட்டோம்ணா” என்றாள். பூங்கா நகரில் படி ஏறி மேலே போய் மூச்சு வாங்கும்போது பறக்கும் ரயிலின் பின்பக்க விளக்கு மட்டும் தெரிந்தது. அடுத்தது வரும்வரை உட்கார்ந்திருந்தோம். வீட்டு வாசலிலிருந்து டைடல் பார்க் வாசல்வரை நூற்றுப் பத்து நிமிடம்.

அன்று ராத்திரி வேர் இஸ் மை ட்ரெயினில் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எனக்கே மறந்துபோயிருந்த ஒன்று கண்ணில் பட்டது. ஆவடிப் பக்கமிருந்து வரும் ரயில்களில் சில, சென்ட்ரலுக்குப் போகாமல் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகக் கடற்கரைக்குப் போய்விடும். பறக்கும் ரயில் கிளம்புவதே கடற்கரையில்தான். 2023 ஆகஸ்டிலிருந்து நான்காவது பாதை வேலைக்காக அதைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். 2024 அக்டோபர் கடைசியில்தான் மறுபடி கடற்கரைவரை விட்டார்கள். அந்த ஒரு வருஷத்தில் எனக்கு அந்த வழியே மனதிலிருந்து அழிந்துபோயிருந்தது. அதில் போனால் சாலையைக் கடக்க வேண்டாம், சுரங்கப்பாதை வேண்டாம், பூங்காவா பூங்கா நகரா என்கிற குழப்பமும் வேண்டாம். ஒரே நிலையத்துக்குள் நடைமேடை மாறினால் போதும். புறப்படும் இடம் என்பதால் உட்கார இடமும் கிடைக்கும்.

மூன்றாம் நாள் அப்படிப் போனோம். தொண்ணூற்று ஐந்து நிமிடம், வியர்வை இல்லாமல். கடற்கரை ரயில்கள் எண்ணிக்கையில் குறைவு, அதனால் நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். வழி சொல்லும் ஆப் அந்த வேகமான வழிக்குத்தான் முதல் இடம் கொடுத்தது. கீழே உருட்டிப் பார்த்தால் மூன்றாவதாக இது இருந்தது. ஆப் நிமிடத்தை எண்ணுகிறது. படியை எண்ணுவதில்லை, கூட்டத்தை எண்ணுவதில்லை, மாறுகிற இடத்தில் மனுஷர் படுகிற பாட்டை எண்ணுவதில்லை. மேப்ஸில் ‘குறைந்த நடை’, ‘குறைவான மாற்றம்’ என்று தேர்வுகள் இருக்கின்றன, பெரும்பாலானவர்கள் திறந்தே பார்ப்பதில்லை. அதைத் தட்டிவிட்டுத் தேடினால் வரிசை மாறும். என்னைக் கேட்டால் சென்னையில் முதலில் தட்ட வேண்டியதே அதுதான்.

மெட்ரோ வழியை நான்காம் நாள் பார்த்தோம். மெட்ரோ பகுதி சொகுசு. குளுகுளு, நேரம் தவறாது, ஆலந்தூரில் மாறுவதும் எளிது. அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய்தான். டிக்கெட்டுக்குத் தனி ஆப் வேண்டும் என்பதுகூட இல்லை. 2023-லிருந்து வாட்ஸ்அப்பிலேயே எடுக்கலாம். ஓ.என்.டி.சி. என்கிற அரசு ஆதரவு பெற்ற பொது இணைய வணிக வலையமைப்பு வழியாக ஊபர் போன்ற டாக்சி ஆப்களிலும் மெட்ரோ டிக்கெட் வந்துவிட்டது. ஆனால் இந்தப் பயணத்தில் முன்னும் பின்னும் பஸ் இருக்கிறது. இரண்டு பஸ்ஸும் இழுத்த இழுப்பில் மெட்ரோ மிச்சம் பிடித்த நேரமெல்லாம் கிண்டி நெரிசலில் கரைந்துபோனது. அண்ணா நகரிலிருந்து விமான நிலையம் போகிறவருக்கு மெட்ரோதான். எங்களுக்கு இல்லை.

தேடும்போது ஒரு சிரமம்: நிலையங்களின் பெயர். சென்ட்ரலின் அதிகாரப்பூர்வப் பெயர் 2019-லிருந்து புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் மத்திய ரயில் நிலையம். மயிலாப்பூர் பறக்கும் ரயில் நிலையத்துக்குத் திருமயிலை என்று பெயர். ஊரார் சொல்லும் பெயரைத் தட்டினால் சில ஆப்புக்குப் புரிகிறது, சிலவற்றுக்கு இல்லை. அடிக்கடி போகும் இடங்களை ஒரு தடவை தேடிச் சேமித்துவிடுவது நல்லது.

டாக்சி, ஆட்டோ ஆப்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஊபர், ஓலா, ரேபிடோ, நம்ம யாத்ரி நான்கில் எது வீட்டுக்குப் பக்கத்தில் சீக்கிரம் கிடைக்கிறதோ அது. சென்னையில் ஆட்டோ மீட்டருக்கு 2013-ல் வைத்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. அந்தக் கணக்கில் இன்று யார் வருகிறார்கள்? அதனால் ஆப் காட்டும் தொகை பேரத்தின் தொடக்கம், “மேல ஐம்பது போட்டுக் குடுங்க” அதன் முடிவு. நம்ம யாத்ரி ஆட்டோக்கள் சென்னை ஒன்னுக்குள்ளேயே இருப்பதால், போனில் இடம் இல்லாதவர்களுக்கு அது ஒரு லாபம். ராத்திரி தனியாக வரும் பெண்ணுக்கு மட்டும் வேறு கணக்கு: பயணத்தை வீட்டாருக்குப் பகிரும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பகலிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும். இவள் போனில் அதை அழுத்திக் காட்டச் சொல்லி, என் போனில் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் விட்டேன்.

இனி முடிவு. டிக்கெட்டை வைத்து ஆப்பைத் தேர்ந்தெடுப்பது தினமும் போகிறவர்களுக்கு வீண் வேலை. ரயிலில் போகிறவர் சீசன் எடுத்துவிடுவார். மாதம் ஒரு தடவை திறக்கிற ஆப் போனில் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நிலையத்துக் கவுன்டரில் வரிசையில் நின்று எடுத்த சீசனுக்கு பேட்டரி தீராது. ஒரே க்யூஆர் டிக்கெட்டால் உண்மையில் பயன் பெறுபவர் எப்போதாவது வருகிறவர்தான். கிளாம்பாக்கத்தில் ஊர் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ போய்விட்டு மறுநாள் திரும்புகிற மாமாவுக்கு சென்னை ஒன் ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் போதும். ஆப்பே ஒத்துவராத பெரியவர்களுக்கு சிங்காரச் சென்னை அட்டை. மெட்ரோ வாசலிலும் மாநகர பஸ்ஸிலும் அதே அட்டைதான்.

தங்கச்சி போனில் கடைசியாக மிஞ்சியவை மூன்று. ஏற்கெனவே இருந்த மேப்ஸ், வேர் இஸ் மை ட்ரெயின், சென்னை ஒன். ரயில் வழி நிலையாகிவிட்டதால் மேப்ஸைப் புது இடத்துக்குப் போகும்போது மட்டும் திறக்கிறாள். மழை பெய்து பறக்கும் ரயில் சொதப்பினாலோ, ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் ரயில் குறைந்தாலோ சென்னை ஒன்னில் பஸ் புள்ளியைத் தேடுகிறாள். தினமும் காலையில் தோசைக்கல் பக்கத்தில் நின்றபடி பார்ப்பது ரயில் ஆப்பை மட்டும்தான். கடற்கரை வண்டியைத் தவறவிட்டால் சென்ட்ரல் வழி, அவ்வளவுதான்.

சென்ட்ரல் வழி என்றால் முன்பெட்டியில் ஏறு, இறங்கினால் வாசல் பக்கம் என்று நான் கண்டுபிடித்த ரகசியத்தைப் பெருமையாகச் சொன்னேன். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்: “நான் லேடீஸ் பெட்டியில ஏறுறேண்ணா. அது எங்க நிக்குதோ அங்கதான் எனக்கு வாசல்.”